உடலை எரித்தால் உயிர்த்தெழுதல் இல்லையா?

"தகனம் செய்யப்பட்ட கிறிஸ்தவர் உயிர்த்தெழ மாட்டார், திருச்சபையே அதைத் தடை செய்திருக்கிறது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. துக்கத்தில் இருப்பவர்களை இது வீணாக வதைக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை 1963-லேயே தகனத்தை அனுமதித்துவிட்டது. அடக்கத்தையே விரும்புகிறது, சாம்பலைத் தூவக் கூடாது என்கிறது, அவ்வளவுதான். ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலும் தகனத்தை ஏற்பதில்லை, சரி. ஆனால் அது உடலுக்குத் தரும் மரியாதைக்காக.

மரணம் பாவத்தால் வந்தது என்கிறார் பைபிளில் அப்போஸ்தலர் பவுல். ஆதாமுக்குக் கிடைத்த தீர்ப்பே "மண்ணுக்குத் திரும்புவாய்" என்பதுதான். புதைத்த உடலும் மண்ணாகத்தானே போகிறது?

கி.பி. 177-இல் இன்றைய பிரான்சில் உள்ள லியோன் நகரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களின் உடல்களை எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். இனி இவர்களுக்கு உயிர்த்தெழும் நம்பிக்கையே இருக்கக் கூடாது என்பது கொன்றவர்களின் கணக்கு. இன்று சுற்றும் செய்தியும் அதே கணக்கைத்தான் போடுகிறது.