ராய் ஹாப்ஸ் அந்தப் பந்தை அடிக்கவே இல்லை

ராய் ஹாப்ஸ் என்ற கற்பனை பேஸ்பால் வீரன் என்றாலே, அவனாக நடித்த ராபர்ட் ரெட்ஃபோர்டு முகம்தான் பலருக்கும் ஞாபகம் வரும். 1984-ல் வந்த 'தி நேச்சுரல்' படம். கடைசியில் அவர் அடிக்கிற ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) மைதானத்து விளக்கில் போய் மோதும், தீப்பொறி மழையாகக் கொட்டும், அதற்குள்ளே அவர் நிதானமாக ஓடி வருவார். புல்லரிக்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் பெர்னார்ட் மாலமுட் 1952-ல் எழுதிய மூல நாவலில் ராய் ஸ்ட்ரைக் அவுட், அதாவது மூன்று வாய்ப்பையும் கோட்டைவிட்டு வெளியேறுகிறான். அதை மாற்றியதில் கதையின் முதுகெலும்பையே உருவிவிட்டார்கள் என்பது என் கட்சி.

அதுவும் எப்படிப்பட்ட அவுட்! தோற்பதற்குப் பணம் வாங்கச் சம்மதித்துவிட்டுத்தான் அன்றைக்கு இறங்குகிறான். வேண்டுமென்றே சொதப்புகிறான். அவன் அடித்த பந்து ஒன்று கூட்டத்தில் இருந்த அவன் காதலி ஐரிஸ் மேலேயே படுகிறது. தன் வயிற்றில் அவன் பிள்ளை வளர்வதாக அவள் சொல்ல, அங்கேதான் மனசு மாறுகிறான். மாறிய பிறகுதான், மின்னல் பிளந்த மரத்தில் தானே செதுக்கிய 'வொண்டர்பாய்' மட்டை இரண்டாகப் போகிறது. கடைசி வாய்ப்பில் ஜெயிக்கத்தான் ஆடுகிறான். முடியவில்லை. திருந்தினவனுக்குக் கையோடு பரிசு கொடுத்து அனுப்புகிற ஆள் இல்லை மாலமுட்.

அவனுக்குப் பந்து வீசி வீழ்த்துவது யங்பெரி என்ற பொடிப்பயல். இதே ராய், 19 வயதில், ரயில் நின்ற இடத்தில் இறங்கி, 'வாமர்' என்ற பெரும் நட்சத்திர மட்டையாளரை, தான் வீசிய மூன்றே பந்தில் காலி செய்தவன். அன்று வாமர், இன்று இவன். படத்திலும் அந்த வாமர் காட்சி ஜோராக வருகிறது. கடனை எழுதிவிட்டு வசூலிக்காமல் விட்டுவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. 1949-ல் சிகாகோ ஹோட்டல் அறைக்கு வரவழைத்து எடி வைட்கஸ் என்ற நிஜ ஆட்டக்காரரை ஒரு ரசிகை சுட்டாள். நாவலில் ராயும் அந்த 19 வயதில் சிகாகோ ஹோட்டலில்தான் ஒரு பெண்ணால் சுடப்படுகிறான், எழுந்து ஆட வரப் பதினைந்து வருஷம் ஆகிறது. வைட்கஸோ அடுத்த வருஷமே ஆட வந்தார், அவருடைய பிலடெல்பியா அணி, அமெரிக்காவின் இரு பெரிய பேஸ்பால் லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக் பட்டத்தையும் வென்றது.

காசு போட்டு எடுக்கிற படம், ஹீரோ தோற்றால் எவன் பார்ப்பான் என்பார்கள். 1976-ல் வந்த 'ராக்கி' படத்தின் குத்துச்சண்டை ஹீரோவும் கடைசிச் சண்டையில் தோற்கத்தான் செய்தான். படம் ஆஸ்கரையும் வாங்கியது, கல்லாவையும் நிரப்பியது.