சொந்த நிலம் இருந்தால் செலவே இல்லையாம்

"சொந்த நிலம்தானே, அப்புறம் என்ன செலவு?" இதை இன்னொரு முறை கேட்டால் நிஜமாகவே கத்திவிடுவேன். தங்கையின் கல்யாணத்தை எங்கள் வயலிலேயே, எங்கள் கையாலேயே நடத்துவது என்று முடிவெடுத்த நாளிலிருந்து போனில் கூப்பிடுகிற அத்தனை பேரும் இதைத்தான் சொல்கிறார்கள். அவள் ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. நடை பழகிய வரப்பு அது. அந்த மரத்தடியில்தான் நிற்பேன் என்று அவள் சொன்னபோது எனக்கும் கண் கலங்கியது. ஒரு குச்சியைக்கூட நகர்த்தாமல் "எளிமையாப் பண்ணிடலாம்" என்கிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.

மண்டபத்துக்குக் கொடுக்கிற வாடகை வெறும் நான்கு சுவருக்கா? கழிவறை, தண்ணீர், மின்சாரம், சமமான தரை, வண்டி நிறுத்த இடம், மழை வந்தால் தலைக்கு மேல் கூரை, எல்லாம் அதில் அடக்கம். வயலில் இதில் எதுவுமே கிடையாது. ஒவ்வொன்றையும் வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்க வேண்டும், முடிந்ததும் ஏற்றி அனுப்ப வேண்டும்.

யாரும் பேச விரும்பாத கழிவறையிலிருந்தே தொடங்குகிறேன். வருகிறவர்கள் 200 பேர். ஐம்பது பேருக்கு ஒன்று என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் நான்கு வேண்டும். "வீட்டில்தான் பாத்ரூம் இருக்கே" என்கிறார் மாமா. ஆறு பேர் இருக்கும் வீட்டுக்குக் கட்டிய செப்டிக் டேங்க் அது. ஆளுக்கு இரண்டு முறை போனால், முறைக்கு 6 லிட்டர் என்று வைத்தாலும் ஒரே மாலையில் 2,400 லிட்டர் அதற்குள் இறங்கும். பொங்கி வழிந்தால் வாளியோடு ஓடப்போவது யார்? மாமா வரமாட்டார்.

மின்சாரத்துக்கும் இதே பதில்தான்: வீட்டிலிருந்து ஒரு வயர் இழுத்துக்கொள்ளலாமாம். வீடு அங்கிருந்து 150 மீட்டர். மெல்லிய வயரில் அவ்வளவு தூரம் இழுத்தால் கடைசி முனையில் வோல்டேஜ் இறங்கிவிடும். சுருளைப் பிரிக்காமல் அப்படியே வைத்துப் பாரம் ஏற்றினால் சூடேறி மேல் உறையே உருகும். தண்ணீர் சூடாக்கும் ஒரு பெரிய பாத்திரம் மட்டுமே 3 கிலோவாட் வரை இழுக்கும். விளக்கு, ஒலிபெருக்கி, குளிர்பெட்டி எல்லாம் அதற்கு மேல். ஆக ஜெனரேட்டர் வேண்டும். அதையும் கூடாரத்துக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, ஆளைக் கொல்லும். சாப்பாட்டுக்கும் கணக்கு உண்டு. சமைத்ததை வெளியில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெயில் கொளுத்தினால் ஒரு மணி நேரம்தான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். "சும்மா கிடக்கிற நிலம்தானே" என்று ஒருவர் அப்பா முன்னாலேயே சொன்னார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அது சும்மா கிடக்கவில்லை. மகள் கல்யாணத்துக்காக அந்தத் துண்டில் இந்தப் பருவம் விதைக்காமல் விட்டிருக்கிறார் அப்பா. அந்த விளைச்சல் போனது யார் கணக்கில் வருகிறது? வண்டி எங்கே நிறுத்துவது என்று கேட்டால் வயலைக் கை காட்டுகிறார்கள். வண்டிக்கு மூன்று பேர் என்றால் எழுபது வண்டி. உள்ளே வந்து திரும்பும் வழியோடு சேர்த்து வண்டிக்கு 25 சதுர மீட்டர் போட்டாலும் 1,750 சதுர மீட்டர் ஆகிறது, கிட்டத்தட்ட அரை ஏக்கர். முந்தின நாள் மழை பெய்து, ஈர மண்ணில் எழுபது வண்டி ஏறி இறங்கினால் மண் இறுகிப்போகும். மண்ணுக்குள் காற்றும் நீரும் போகிற சின்னச் சின்ன இடைவெளிகள் நசுங்கிவிடும். மேலே உழுதால் மேல்மண் உதிரும், அடியில் இறுகியது அப்படியே நிற்கும். வேர் கீழே இறங்காது, தண்ணீர் தேங்கும், சரியாக வருஷக்கணக்கில் ஆகலாம். அந்த மண்ணை அப்பா கையில் அள்ளிப் பார்ப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். அதனால்தான் வண்டிகளை வயலுக்குள் விடமாட்டேன் என்றேன். அதற்கு நான் பிடிவாதக்காரி என்று பெயர்.

எல்லாரும் படம் அனுப்புகிறார்கள். மரத்தில் தொங்கும் விளக்குச் சரம், மரப்பெட்டியில் பூ. அழகுதான். ஏணியில் ஏறி அந்தச் சரத்தைக் கட்டியவர் எந்தப் படத்திலும் இல்லை. 200 நாற்காலியை இறக்கி, துடைத்து, போட்டு, அன்றிரவே இருட்டில் அடுக்கியவர்களும் இல்லை. கூடாரத்துக்கு முளை அடிக்கும் முன், கீழே போகும் தண்ணீர்க் குழாய் எங்கே என்று தோண்டிப் பார்த்து அடையாளம் வைத்தது நானும் அப்பாவும்தான். இரண்டு நாள் ஆனது.

"நாங்கள் எல்லாரும் இருக்கோம்ல" என்று எத்தனை பேர் சொன்னார்கள்! சரி என்று போன வாரம் ஒரு பட்டியல் எழுதி உறவினர் குழுவில் போட்டேன். நாற்காலி இறக்க ஆறு பேர், வண்டிகளைச் சாலையோரம் ஒழுங்காக நிறுத்த நான்கு பேர், குப்பை அள்ள நான்கு பேர், மறுநாள் காலை முளை பிடுங்க ஐந்து பேர். பெயர் எழுத இடமும் விட்டிருந்தேன். முப்பத்தெட்டு பேர் பார்த்திருக்கிறார்கள். இன்று வரை அதில் இருப்பது என் பெயரும் அப்பா பெயரும், எழுத வேண்டாம் என்று நான் சொல்லியும் கேட்காமல் எழுதிய கல்யாணப்பெண்ணின் பெயரும்தான்.