ஜியோபார்க் வந்தால் ஏலகிரியில் நிலம் பறிபோகுமா?

"ஏலகிரி அணைந்த எரிமலை, யுனெஸ்கோ ஜியோபார்க் ஆக்கி நிலத்தை எடுக்கப் போகிறார்கள்" என்று வேலூர், திருப்பத்தூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஜியோபார்க் என்பது பாறை, நில அமைப்பில் சிறப்புள்ள பகுதிக்கு யுனெஸ்கோ தரும் முத்திரை. எரிமலை என்பதும் தவறு, நிலம் போகும் என்பதும் தவறு.

சுமார் 75 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு வெளியே வராமல் பூமிக்கடியிலேயே மெல்ல ஆறி இறுகிய சயனைட் (syenite; சயனைடு விஷம் அல்ல) என்ற பாறைதான் ஏலகிரி. உடைந்த கல்லைக் கையில் எடுங்கள், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகங்கள் கண்ணுக்கே தெரியும். மேலே வழிந்து சட்டென்று ஆறும் லாவாவில் இவ்வளவு பெரிதாக வளராது.

சரி, நிலம்? ஜியோபார்க் முத்திரையால் யாருடைய பட்டாவும் மாறாது. உள்ளூர் மக்கள் பங்கில்லாமல் அந்த முத்திரையே கிடைக்காது. நிஜமான எரிமலைத் தீவான தென்கொரியாவின் ஜேஜு 2010இல் ஜியோபார்க் பட்டியலில் சேர்ந்தது. அங்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் இன்றும் காய்க்கின்றன. தடை ஒன்று உண்டுதான்: ஜியோபார்க் நிர்வாகம் புதைபடிவங்களை விற்கக் கூடாது.