சாபெகோயென்சி மூன்று வருடம் சலுகையில் விளையாடியதா?

சாபெகோயென்சி பிரேசிலின் சாபெகோ ஊரைச் சேர்ந்த கால்பந்து அணி. அதைப் பற்றி ஒருவர் எழுதியிருப்பது: "2016 விமான விபத்துக்குப் பிறகு சாபெகோயென்சிக்கு மூன்று வருடம் தகுதியிறக்கம் கிடையாது என்று விதியை மாற்றினார்கள். அந்த ஊர்க்காரர்களின் பெருமை எல்லாம் அனுதாபத்தில் கிடைத்தது."

பாதி உண்மை. (தகுதியிறக்கம் என்றால் கடைசி இடங்களில் முடிக்கும் அணிகளைக் கீழ் டிவிஷனுக்கு இறக்குவது.) அப்படியொரு யோசனையை மற்ற பிரேசில் அணிகள் முன்வைத்தன, இலவசமாக வீரர்களை இரவல் தரவும் முன்வந்தன. ஆனால் அந்தப் பாதுகாப்பு நடைமுறைக்கு வரவே இல்லை. 2017இல் பெரும்பாலும் புது ஆட்களை வைத்துக்கொண்டு மாநிலப் பட்டத்தை வென்று, முதல் டிவிஷனில் 8ஆம் இடம் பிடித்தார்கள். 2019இல் தோற்றுக் கீழே இறங்கினார்கள். நீங்கள் சொல்லும் மூன்று வருடத்துக்குள்ளேயே! சலுகை இருந்திருந்தால் எப்படி இறங்கியிருப்பார்கள்? அடுத்த சீசனில் இரண்டாம் டிவிஷனை வென்று மறுபடி ஏறினார்கள்.

சலுகை என்று சொல்வதானால் தென் அமெரிக்க கிளப் அணிகளுக்கான 2016 கோபா சூடமெரிக்கானா கோப்பையைச் சொல்லலாம். இறுதிப்போட்டிக்குப் போகும் வழியில்தான் அணியின் விமானம் விழுந்தது, அதனால் ஆட்டம் நடக்கவே இல்லை. அதையும் எதிரணியான கொலம்பியாவின் அத்லெடிகோ நசியோனல்தான் "அவர்களுக்கே கொடுங்கள்" என்று கேட்டது. ஆட்டம் நடந்திருக்க வேண்டிய இரவில் கொலம்பியாவின் மெடயின் நகர மைதானம் அஞ்சலி செலுத்த வந்தவர்களால் நிரம்பியது. அதே நேரம் சாபெகோ ஊர்க்காரர்கள் தங்கள் மைதானத்தில் கூடியிருந்தார்கள்.

71 பேர் இறந்த விபத்து அது, காரணம் எரிபொருள் தீர்ந்தது. உயிர்தப்பிய வீரர் ஆலன் ருஷெல் 2017 ஆகஸ்டிலேயே பார்சிலோனாவுக்கு எதிராகக் களமிறங்கினார் (0-5 தோல்விதான், சாபெகோவில் யாரும் அந்த ஸ்கோரைப் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள்).