செங்கல் யோசனை சிங்கப்பூரின் புதிய ஃபிளஷ் தொட்டிகளுக்குப் பொருந்தாது
‘ஃபிளஷ் தொட்டிக்குள் ஒரு செங்கல் போடுங்கள், தண்ணீர் மிச்சமாகும்’ என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்; செங்கல் இடத்தை அடைப்பதால் தொட்டியில் நிறையும் தண்ணீர் குறையும் என்பது கணக்கு. அது பழைய 9 லிட்டர் தொட்டிக்கான யோசனை. சிங்கப்பூரில் 2009 முதல் புதிதாகப் பொருத்தும் தொட்டிகளுக்கு இரட்டைப் பொத்தான் (பாதி ஃபிளஷுக்கு ஒன்று, முழு ஃபிளஷுக்கு ஒன்று) கட்டாயம். முழு ஃபிளஷே 4.5 லிட்டரைத் தாண்டாது. அதிலும் குறைத்தால் இரண்டு முறை அழுத்த வேண்டிவரும், மிச்சம் எங்கே? செங்கல் ஊறி உதிரும் மணல் அடிவால்வின் (தொட்டியின் அடியில் தண்ணீரை அடைத்து நிற்கும் வால்வு) ரப்பரில் சிக்கினால் இரவெல்லாம் கசிவுதான்.

உண்மையில் பார்க்க வேண்டியது அந்தக் கசிவை. தொட்டியில் பத்துச் சொட்டு உணவுச் சாயம் விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணாமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கினால் அடிவால்வின் ரப்பர் வாஷரை மாற்றுங்கள் (முதலில் தொட்டிக்குத் தண்ணீர் வரும் பக்கத்து வால்வை மூடிவிட்டு). ஆனால் நீர்மட்டம் வழிகுழாயின் (தொட்டிக்குள் மிகுதி நீர் வழிந்தோடும் குழாய்) வாய்வரை ஏறியிருந்தால் கோளாறு, தொட்டி நிறைந்ததும் நீர்வரத்தை நிறுத்தும் மிதவையில். வாஷரை மாற்றிப் பயனில்லை.