ஓம் சொன்ன கார்

(மட்டக்களப்பு ஆரையம்பதி, கல்முனை வீதியோரம் ஒரு கராஜ். பின்னேரம். குணம் ஒரு ஆட்டோவுக்கு அடியில் கிடக்கிறார். வெளியே தெரிவது கால்கள் மட்டும். தங்கையின் புருஷன் யோகன் பட்டா லொறியை நிறுத்திவிட்டு ஓடி வருகிறார். தயிர் வியாபாரி. எஞ்சினை நிறுத்திய பிறகும் பட்டா கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டு நிற்கிறது.)

யோகன்: மச்சான், கல்முனையில் ஒரு கார் பார்த்துவிட்டு வருகிறேன்.

குணம்: பார்த்ததோடு விட்டாயா?

யோகன்: பென்ஸ், மச்சான். ஈ 55 ஏஎம்ஜி. 2004 ஆம் ஆண்டு.

(அடியில் ஸ்பானர் ஒன்று விழும் சத்தம்.)

குணம்: என்ன விலை?

யோகன்: அதைத்தான் கேளுங்க. பழைய வகன் ஆர் விலை!

(கால்கள் மெல்ல வெளியே வருகின்றன. மறுகா வயிறு. கடைசியாக ஒயில் பூசிய முகம்.)

குணம்: 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 இல்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் கறள் பிடித்த வானையே மாப்பிள்ளை மாதிரி விலை பேசி விற்றார்கள். அப்படிப்பட்ட நாட்டில் ஒருவன் பென்ஸை வகன் ஆர் விலைக்குத் தருகிறான் என்றால் அவனுக்கு என்ன நேர்த்திக்கடனா?

யோகன்: வெளிநாடு போகிறாராம். அவசரமாம்.

குணம்: கார் விற்கிற எவனாவது ஊரில் இருக்கப் போகிறேன் என்று சொல்லி நீ கேட்டிருக்கிறாயா?

யோகன்: நான் ஆடம்பரத்துக்குக் கேட்கவில்லை கா. தொழிலுக்கு! பட்டாவில் நாற்பது சட்டி தயிர் ஏற்றினால் ரவுனுக்கு வரும்போது ஆறு சட்டி மோராகிவிடுகிறது. கடைக்காரர் சட்டியை ஆட்டிப் பார்த்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்க்கிறார். இந்தக் காருக்கு ஸ்பிரிங்கே இல்லையாம். காற்றில் மிதக்குமாம். தயிருக்குத் தெரியவே தெரியாது, தான் பயணம் போகிறோம் என்று.

குணம்: 476 குதிரைவலு, மச்சான் அது. நிற்கிற இடத்திலிருந்து நூறைத் தொட 4.7 செக்கன். நீ காலை வைத்தால் சட்டி இருக்கிற இடத்தில் இருக்கும், தயிர் பின்கண்ணாடியில் இருக்கும்.

யோகன்: மெதுவாகப் போவேன்.

குணம்: போகத்தான் வேண்டும். ஊருக்குள் 50, வெளியே 70. கிழக்கில் எக்ஸ்பிரஸ்வே என்று ஒரு முழம்கூட இல்லை. 250 வரைக்கும் போகிற காரை வாங்கி, ஒரு மாட்டுக்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடிக்கப் போகிறாய்.

யோகன்: நீங்கள் அதைப் பார்க்கவில்லை, அதுதான் இப்படிக் கதைக்கிறீர்கள். மரியாதை தெரிந்த கார், மச்சான். நான் போனபோது படுத்திருந்தது. அவர் ஸ்டார்ட் பண்ணினார். மெல்ல எழும்பி நின்றது. முதலில் பின்பக்கம், மறுகா முன்பக்கம். கோயில் யானை எழும்புகிற மாதிரி. எனக்காக எழும்பி நின்ற முதல் வாகனம் அதுதான்.

குணம்: படுத்திருந்தது என்றால் எவ்வளவு?

யோகன்: சில்லுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் போகாது.

குணம்: நாலு பக்கமும் ஒரே அளவா?

யோகன்: இடது முன்பக்கம் கொஞ்சம் கூடப் பணிந்திருந்தது.

குணம்: அது பணிவு இல்லை, ஓட்டை. ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு றப்பர் பை, அதற்குள் காற்று. இருபது வருஷ றப்பர், வெடிப்பு விழுந்திருக்கும். ராத்திரி முழுக்கக் காற்று கசிகிறது, கார் படுக்கிறது. காலையில் கொம்பிரசர் மூச்சுப் பிடித்து ஊதித் தூக்குகிறது. அப்படி ஊதி ஊதி ஒரு நாள் அதுவும் போய்ச் சேரும். அந்த ஒரு கால் வாங்குகிற காசுக்கு உன் பட்டாவுக்கு நாலு புது ரயரும் பற்றரியும் போடலாம்.

யோகன்: சரி, காலுக்குக் கட்டுப் போடலாம். ஆனால் அது ஓம் சொன்னது, மச்சான்.

குணம்: எது?

யோகன்: கார்! கதவைத் திறந்தேன். உள்ளே இருந்து "ஓ...ம்" என்று ஒரு சத்தம். நான் அப்போது மனதுக்குள் "உன்னை வாங்கட்டுமா?" என்றுதான் கேட்டேன். சத்தியமாக.

(குணம் ஒரு பழைய ரயரின் மேல் உட்காருகிறார்.)

குணம்: அது பிரேக் பம்ப், மனே. நீ கதவைத் திறந்ததும் "ஆள் வருகிறான், பிரேக் பிடிக்கத் தயாராகு" என்று ஓடத் தொடங்கும். அந்தக் காரில் நீ பெடலை மிதித்தால் நேரே பிரேக் பிடிக்காது. கம்ப்யூட்டருக்கு விண்ணப்பம் போகும். கம்ப்யூட்டர் பம்புக்குச் சொல்லும். பம்ப்தான் பிடிக்கும்.

யோகன்: கச்சேரிக் கந்தோர் மாதிரியா?

குணம்: கச்சேரியை விட வேகம். ஆனால் கேள், அந்தக் கம்ப்யூட்டர் நீ எத்தனை தரம் பிரேக் மிதிக்கிறாய் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். ஒரு எண்ணிக்கை தாண்டினால் "பம்பின் ஆயுசு முடிந்தது, மாற்று" என்று சிவப்பில் எழுதும்.

யோகன்: மிதிப்பதற்கு எல்லாமா கணக்கு?

குணம்: ஒவ்வொரு மிதிக்கும். நீ காத்தான்குடிச் சந்தியை ஒரு வெள்ளிக்கிழமை தாண்டினாலே ஜெர்மன்காரனின் ஒரு மாதக் கணக்கு முடிந்துவிடும். மறுகா மாடு, ஆடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள், கையே காட்டாமல் திரும்புகிற உன்னை மாதிரி ஆட்கள்.

யோகன்: பம்ப் நின்றால்?

குணம்: முன் இரண்டு சில்லு மட்டும் பிடிக்கும். அதுவும் நீ சீட்டை விட்டு எழும்பி நின்று மிதித்தால். 2004 இல் இந்தப் பிரேக்குக்காக கம்பனியே 6,80,000 காரைத் திருப்பிக் கூப்பிட்டது. 2006 இல் ஈ கிளாஸுக்கு இது வேண்டாம் என்று பழைய முறைக்கே போய்விட்டது. அவர்களே கைவிட்டதை நீ பிடித்துக்கொண்டு வருகிறாய்.

(பக்கத்துக் கடைப் பையன் இரண்டு பிளேன்ரீ கொண்டுவந்து வைக்கிறான். யோகன் தன்னுடையதைத் தொடவில்லை.)

யோகன்: டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. அதைப் பார்த்தேன். அவ்வளவு ஆரோக்கியம்.

குணம்: சாவி போட்டதும் எல்லா விளக்கும் ஒரு தரம் எரிந்து அணைந்ததா?

யோகன்: இல்லை. முதலிலிருந்தே ஒன்றுமே எரியவில்லை.

குணம்: செத்தவனுக்கும் காய்ச்சல் இல்லைதான். எரிந்து அணைந்தால்தான் சுகம். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கின் வாயைப் பொத்தியிருக்கிறான். மீற்றரில் எவ்வளவு?

யோகன்: 78,000 கிலோமீற்றர்தான்!

குணம்: பிரேக் பெடலின் றப்பர் எப்படி இருந்தது? கோடு தெரிந்ததா?

யோகன்: கோடா? நல்ல வழுவழு என்று இருந்தது. எங்கள் அம்மம்மாவின் அம்மிக் குழவி மாதிரி.

குணம்: ஸ்ரியரிங்?

யோகன்: அதுவும் பளபள என்று... (குரல் இறங்குகிறது) பளபள என்று இருந்தது.

குணம்: மீற்றரைப் பின்னுக்குத் திருப்பலாம். பெடலுக்கு அப்படி ஒரு வசதி இல்லை.

யோகன்: எஞ்சினாவது நல்லதா இருக்காதா?

குணம்: எஞ்சின் இரும்பு மாதிரி. அந்த எஞ்சினைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். 5,439 சீசி. வகன் ஆர் 658. கணக்குப் போடு.

யோகன்: (விரல் விட்டு) எட்டு வகன் ஆர்!

குணம்: எட்டு வகன் ஆரின் பெற்றோலும். அதுவும் 95 ஒக்ரேன். 92 அடித்தால் கோபிக்கும். ரவுனுக்குள் லீற்றருக்கு நாலைந்து கிலோமீற்றர் ஓடினால் புண்ணியம். 2022 இல் கியூஆர் காட்டி வாரத்துக்கு இருபது லீற்றர் வாங்கினோமே, அந்தப் பங்கீடு இதற்கு ஒரு நாள் தயிர் ஓட்டத்துக்குக் காணாது. சரி, பிளக் மாற்ற வேண்டும் என்று வை. எத்தனை பிளக்?

யோகன்: எட்டு சிலிண்டர் என்றால் எட்டு.

குணம்: பதினாறு. ஒரு சிலிண்டருக்கு இரண்டு.

யோகன்: ஏன் கா?

குணம்: பணக்காரன் வீட்டில் ஒரு வேலைக்கு இரண்டு பேர் இல்லையா, அப்படி. பார், காரின் விலை வருஷா வருஷம் இறங்கிக்கொண்டு வருகிறது. அந்தச் செய்தியை யாரும் சாமான் கடைக்குச் சொல்லவில்லை. பம்ப் விற்கிறவனுக்கு நீ இன்னும் புதுப் பென்ஸ்காரன்தான். இங்கே கிடைக்காது. உதயதேவி ஏறி கொழும்புக்குப் போய், பஞ்சிகாவத்தையில் ஒரு நாள் அலைந்து, எவனோ கழற்றி வைத்த பழைய பாகத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வருவாய். கொண்டுவந்து பூட்டினால் தெரியும், அது வலது பக்கத்துடையது.

யோகன்: உங்களுக்கு எப்படி இவ்வளவும் தெரியும்?

குணம்: (மூலையைக் காட்டி) அந்த முருங்கைக்குக் கீழே ஒரு பெரிய கார் நின்றது நினைவிருக்கிறதா? பெயர் வேண்டாம். பெருவிரல் அளவு ஒரு சென்சர் வரும் வரும் என்று பதினாலு மாதம் நின்றது. பின்சீட்டில் கோழி அடை கிடந்து குஞ்சு பொரித்தது. சென்சர் வருவதற்குள் அந்தக் குஞ்சும் முட்டை இட்டது.

(மௌனம். பட்டாவின் கண்ணாடியில் ஒரு காகம் வந்து இருந்து, தன்னைப் பார்த்துவிட்டுப் போகிறது.)

யோகன்: அப்போ அட்வான்ஸ் போனதுதானா?

குணம்: கொடுத்துவிட்டாயா? எவ்வளவு?

யோகன்: பத்து சட்டி.

குணம்: பத்து... தயிரா?

யோகன்: கையில் காசு இல்லை. அவர்தான் "நம்பிக்கைக்கு ஏதாவது வை" என்றார். பட்டாவில் அதுதான் இருந்தது.

குணம்: (நெடுமூச்சு விட்டு) தங்கச்சிக்குத் தெரியுமா?

யோகன்: தயிர் போனது தெரியும். கார் தெரியாது. மோரானதோடு சேர்த்துக் கணக்குச் சொல்லியிருக்கிறேன்.

(குணம் தேநீரை ஒரே மூச்சில் குடிக்கிறார். கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.)

குணம்: மச்சான்.

யோகன்: ஓம்.

குணம்: சத்தம் எப்படி இருந்தது?

யோகன்: எந்தச் சத்தம்?

குணம்: காலை வைக்கும்போது. கீழே இடி மாதிரி உருளும், மேலே மெல்லிசாக ஒரு ஊளை வரும். காற்றைப் பலவந்தமாக உள்ளே தள்ளுகிற பம்ப் அது.

யோகன்: ஓம் ஓம்! கல்லடிப் பாலத்தில் நிலாவுக்கு மீன் பாடும் என்பார்களே, அப்படி ஒன்று கேட்டது. பெல்ட் போய்விட்டதோ என்று பயந்தேன்.

குணம்: பெல்ட் இல்லை. அதுதான்... அதுதான் அது.

(எழும்புகிறார். குழாயடியில் சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவுகிறார். ஆணியில் தொங்கிய நல்ல சேட்டைப் போடுகிறார்.)

யோகன்: எங்கே போகிறீர்கள்?

குணம்: தயிரைத் திருப்பிக் கேட்க வேண்டாமா? வண்டியை எடு.

யோகன்: அவ்வளவுதானே?

குணம்: கேட்கப் போகிற இடத்தில், மெக்கானிக் என்ற முறையில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பேன். பாசிக்குடா வரைக்கும்.

யோகன்: கல்முனையிலிருந்து பாசிக்குடாவா? பெற்றோல்?

குணம்: அவன் வெளிநாடுதானே போகிறான். பெற்றோலைக் கொண்டா போகப் போகிறான்?

(யோகன் பட்டாவை மூன்றாம் தரம் முறுக்கி ஸ்டார்ட் பண்ணுகிறார்.)

யோகன்: மச்சான், காரைச் சோதிக்கிற ஸ்கேனரை மேசையிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டீர்கள்!

குணம்: அது கிடக்கட்டும். உன்னிடம் சீப்பு இருக்கிறதா?