தண்ணீரும் வெயிலும் மட்டும் போதுமாம்!

நம் ஆய்வாளர்கள் வெயிலால் நீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்துவிட்டார்கள் என்று எல்லோரும் பகிர்ந்துகொண்டிருக்கும் செய்தி அட்டையின் கீழே ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: ஹைட்ரஜன் வந்தது சரி, ஆக்சிஜன் எவ்வளவு வந்தது? பதிலுக்கு "வயிற்றெரிச்சல்" என்ற பட்டம் கிடைத்தது. நன்றி.

தண்ணீரும் வெயிலும் போதும் என்கிறது அட்டை. அவர்களின் ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியிலோ வெயிலுக்குப் பதில் செனான் விளக்கும், தண்ணீரில் ட்ரைஎத்தனாலமைன் என்ற வேதிப்பொருளும் இருக்கின்றன. ஒளி பட்டதும் நீரிலுள்ள வினையூக்கிப் பொடியில் எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் பிரிகின்றன. எலக்ட்ரான் ஹைட்ரஜனை உண்டாக்கும்போது, துளை நீரிலிருந்து ஆக்சிஜனை உண்டாக்க வேண்டும். கடினமான பாதி அதுதான். அந்தப் பாதியைச் செய்யவிடாமல், துளைகளுக்குத் தன்னையே பலி கொடுப்பதுதான் ட்ரைஎத்தனாலமைனின் வேலை. நீர் பிளந்தது என்றால் இரண்டு பங்கு ஹைட்ரஜனுக்கு ஒரு பங்கு ஆக்சிஜன் வந்திருக்க வேண்டும். வராதவரை அது நீர்ப்பிளப்பு அல்ல.

நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில், இப்படித் தன்னைப் பலி கொடுக்கும் பலிப்பொருள் எதுவும் சேர்க்காத வெறும் நீரில் எங்கள் வினையூக்கிப் பொடியைப் போட்டு இரவு முழுக்க விளக்கெரித்தோம். வாயுக்களைப் பிரித்து அளக்கும் ஜிசி கருவியின் வரைபடத்தில் ஹைட்ரஜன் பீக் வர வேண்டிய இடத்தில் கோடு படுத்தே கிடந்தது. "இதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டாம்" என்று மேலிருந்து சொல்லப்பட்டது, சேர்க்கப்படவும் இல்லை.

பொருளின் ஒரு பாதித் திறனை மட்டும் சோதிக்கப் பலிப்பொருள் தேவைதானே என்பீர்கள். தேவைதான், அதை அட்டையில் எழுதுவதற்கு என்ன தடை?

"வெளிநாட்டுக்காரன் செய்தால் கைதட்டுவாய்" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆம், தட்டுவேன். 1972இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடு மின்வாயில் தொடங்கிய வேலை அது. 2020இல் அதே நாட்டின் டோமனின் குழு, அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டில் ஏறத்தாழ 96% குவாண்டம் திறனை, அதாவது விழும் ஒளித்துகள்களில் வினைக்குப் பயன்படும் பங்கை, காட்டியது. அதுவும் புற ஊதா ஒளியில் மட்டும். வெயிலில் புற ஊதாவின் பங்கு மிகச் சிறியது என்பதால், 2021இல் மொத்தம் 100 சதுர மீட்டர் பரப்புக்கு வினையூக்கிப் பலகைகளைத் திறந்தவெளியில் வைத்தபோது சூரிய ஆற்றலில் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76%. அந்தச் சிறிய எண்ணை அவர்களே அச்சிட்டார்கள். நம்மவர்களோ கிராமுக்கு மணிக்கு இத்தனை மைக்ரோமோல் என்று எண்ணை ஊதிக்கொண்டிருக்கிறோம். அதைக் கேட்டால் நான் தேசத்துரோகி.

முன்பின் தெரியாதவர்கள் திட்டியதில் எனக்கு வருத்தமில்லை. அதே ஆய்வகத்தில் என்னோடு நின்று, அதே பாட்டிலிலிருந்து ட்ரைஎத்தனாலமைன் ஊற்றிய நண்பரும் அந்த அட்டைக்கு இதயக்குறி போட்டிருக்கிறார். அவருக்குமா தெரியாது?